அட்டிட்லான் ஏரிக்கரையில் தொண்டு: மாயா குடும்பங்களுக்குத் தன்னார்வலர் எப்போது பயன்படுகிறார்?

மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் மேற்கு மலைப்பகுதியில், மூன்று எரிமலைகளுக்கு நடுவே அட்டிட்லான் ஏரி இருக்கிறது. அதன் வடகரையிலுள்ள பனாஹச்செல், சுற்றுலாப் பயணிகள் படகேறும் ஊராகத்தான் வெளியுலகுக்குத் தெரியும். ஆனால் அது தொண்டு நிறுவனங்களின் ஊரும்கூட. இந்நாட்டின் பூர்வகுடிகளான மாயா மக்களில் வறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் படிக்கவைக்கவும், ஆதரவற்ற முதியோருக்கு உணவளிக்கவும், புகையில்லா அடுப்பு கட்டிக்கொடுக்கவும் 'மாயன் ஃபேமிலீஸ்' போன்ற அமைப்புகள் இங்கிருந்து இயங்குகின்றன. இவற்றில் வேலை செய்ய வட அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் தன்னார்வலர்கள் வருகிறார்கள். சிலர் ஒரு வாரத்துக்கு, சிலர் ஓராண்டுக்கு. அவர்களுடைய நல்லெண்ணத்தைச் சந்தேகிக்க வேண்டியதில்லை. அந்த எண்ணம் எந்த வேலையில், யாருடைய மேற்பார்வையில், எவ்வளவு காலத்துக்குச் செலவாகிறது என்பதே முக்கியம். இதற்கு விடை காண, அந்தக் குடும்பங்கள் ஏன் ஏழைகளாக இருக்கின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும்.

2018ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி குவாத்தமாலாவின் மக்கள்தொகை ஏறத்தாழ 1 கோடியே 49 லட்சம். அவர்களில் சுமார் 62 லட்சம் பேர், அதாவது 41.7 சதவீதத்தினர், தங்களை மாயா இனத்தவர் என்று பதிவு செய்திருக்கிறார்கள். எனவே இவர்களை ஒரு சிறிய பழங்குடி என்று நினைத்துக்கொண்டு விமானம் ஏறுவது தவறு. 2014–15இல் நடந்த தேசியத் தாய்சேய் நல ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 46.5 சதவீதத்தினர் நாள்பட்ட ஊட்டக்குறைவால் வயதுக்கேற்ற உயரத்தை எட்டாதவர்களாக இருந்தனர். பூர்வகுடிக் குழந்தைகளிடையே இது 58 சதவீதம், தொத்தோனிகபான் மாவட்டத்தில் 70 சதவீதம். லத்தீன் அமெரிக்காவில் வேறெந்த நாட்டிலும் இந்த அளவு இல்லை. 1996இல் பிறந்த குவாத்தமாலாப் பெண்களின் சராசரி உயரம் ஏறத்தாழ 149 செ.மீ.; உலக நாடுகளிலேயே இதுதான் குறைவு.

"அவர்கள் இயல்பிலேயே குள்ளமானவர்கள்" என்று சொல்லிக் கடந்துவிடுகிற வழக்கம் குவாத்தமாலாவுக்குள்ளேயே உண்டு. அமெரிக்காவில் குடியேறிய மாயா குடும்பங்களின் குழந்தைகளை மானுடவியலாளர்கள் அளந்து பார்த்தபோது, குவாத்தமாலாவில் வளரும் அதே வயது மாயா குழந்தைகளைவிட அவர்கள் 10 செ.மீ.க்கும் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். ஒரே தலைமுறையில் மரபணு மாறிவிடுவதில்லை. மாறியது உணவும், குடிநீரும், மருத்துவ வசதியும்தான். மாயா குடும்பங்களுக்கு உதவுவதைப் பற்றிப் பேசும் எவரும் மறக்கக்கூடாத உண்மை இது.

நிலத்திலிருந்துதான் இந்தக் கதை தொடங்குகிறது. 1870களில் ஹுஸ்தோ ருஃபினோ பாரியோஸின் ஆட்சி காப்பி ஏற்றுமதியை நாட்டின் பொருளாதாரமாக்க முனைந்தபோது, சரிவுகளில் இருந்த மாயா ஊர்களின் பொது நிலங்கள் தோட்டங்களுக்குப் போயின. 1877இல் வந்த தொழிலாளர் விதிகள், தோட்ட முதலாளி கேட்ட ஆட்களை ஊர்கள் அனுப்பியாக வேண்டும் என்ற நிலையை உண்டாக்கின. 1934இல் சர்வாதிகாரி ஹோர்ஹே உபிகோ கொண்டுவந்த 'சோம்பேறித் தடுப்பு'ச் சட்டம் இன்னும் ஒரு படி மேலே போய், போதிய நிலமில்லாத விவசாயி ஆண்டுக்கு 100 முதல் 150 நாட்கள் கூலி வேலை செய்ததைக் கையேட்டில் பதிந்து காட்ட வேண்டும் என்றது. நிலத்தைப் பறித்துவிட்டு, நிலமில்லாதவனைச் சோம்பேறி என்று பெயரிட்டுத் தண்டித்த சட்டம் அது.

இந்த அடுக்கைக் குலைக்க ஒரே ஒரு பெரிய முயற்சி நடந்தது. அதிபர் ஹாகோபோ ஆர்பென்ஸ் 1952இல் நிலச்சீர்திருத்தச் சட்டம் கொண்டுவந்தார். பெருந்தோட்டங்களின் தரிசு நிலம் ஏறத்தாழ ஒரு லட்சம் குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. யுனைடெட் ஃப்ரூட் என்ற அமெரிக்க வாழைப்பழ நிறுவனத்தின் நிலமும் அதில் அடங்கும். 1954 ஜூனில் அமெரிக்க உளவுத்துறையின் ஏற்பாட்டில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பில் ஆர்பென்ஸ் வெளியேற்றப்பட்டார். பகிர்ந்த நிலம் திரும்பப் பிடுங்கப்பட்டது. 2003ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பிலும்கூட, விவசாயிகளில் ஏறத்தாழ 2 சதவீதத்தினர் சாகுபடி நிலத்தில் பாதிக்கு மேல் வைத்திருந்தார்கள். மலைச்சரிவில் மக்காச்சோளமும் அவரையும் பூசணியும் கலந்து பயிரிடும் ஒரு மாயா குடும்பத்தின் துண்டு நிலம் ஆண்டு முழுவதற்கும் சோறு போடாததற்கு இதுதான் காரணம். பற்றாக்குறை மாதங்களில் குடும்பமே தென்கடலோரக் கரும்புத் தோட்டத்துக்கோ காப்பி பறிக்கவோ போகும். 2012–13இல் காப்பிச் செடிகளை இலைத்துரு நோய் தாக்கி அறுவடை சரிந்தபோது, அந்தக் கூலியும் பலருக்கு இல்லாமல் போனது.

தமிழ் வாசகருக்கு இதில் நேரடியான தொடர்பு ஒன்று உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் பயிரான ஏலக்காய், 1914 வாக்கில் ஜெர்மானியத் தோட்ட முதலாளி ஒருவரால் குவாத்தமாலாவின் அல்தா வெராபாஸ் பகுதிக்குக் கொண்டுபோகப்பட்டது. இன்று உலகிலேயே அதிக ஏலக்காய் ஏற்றுமதி செய்யும் நாடு குவாத்தமாலாதான். போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலை ஏறுவதும் இறங்குவதும் அங்கே விளைச்சல் எப்படி என்பதையும் பொறுத்தது. அதை விளைவிப்பவர்களில் பெரும்பாலோர் கெக்சி மொழி பேசும் மாயா சிறு விவசாயிகள். தாங்கள் விளைவிக்கும் பொருளைத் தாங்களே பெரிதும் பயன்படுத்தாத அவர்கள், இடைத்தரகர் சொல்லும் விலைக்கே அதை விற்றாக வேண்டியிருக்கிறது.

நிலத்துக்கு அடுத்தது போர். 1960 முதல் 1996 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமலாக்கப்பட்டனர். ஐக்கிய நாடுகள் சபையின் ஆதரவுடன் அமைந்த உண்மை ஆணையம் 1999இல் வெளியிட்ட அறிக்கை, பாதிக்கப்பட்டோராக அடையாளம் காணப்பட்டவர்களில் 83 சதவீதத்தினர் மாயா மக்கள் என்றும், பதிவான உரிமை மீறல்களில் 93 சதவீதத்துக்கு அரசுப் படைகளும் அவற்றின் துணைப்படைகளுமே பொறுப்பு என்றும் கூறியது. அரசுத் தரப்பு நடத்தியதாக மட்டும் 626 படுகொலைகள் அதில் பதிவாகியுள்ளன. 1980களின் தொடக்கத்தில் லட்சக்கணக்கான மாயா ஆண்கள் ஊர்க்காவல் படைகளில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டு, சொந்த ஊராரையே கண்காணிக்க வைக்கப்பட்டனர்.

இதைத் தன்னார்வலர் பழைய வரலாறாகப் படித்து முடித்துவிட முடியாது. தொண்டு நிறுவனத்தின் முதல் வேலையே குடும்பக் கணக்கெடுப்பு: வீட்டில் எத்தனை பேர், யாருக்கு வேலை, நிலம் உண்டா, கணவர் எங்கே. வெளியூரார் ஒருவர் தாளும் பேனாவுமாக வாசலில் வந்து நின்று இந்தக் கேள்விகளைக் கேட்கும்போது, பெயர்ப்பட்டியல்கள் எதற்குப் பயன்பட்டன என்பதைப் பார்த்த தலைமுறை அங்கே இன்னும் உயிரோடிருக்கிறது. "கணவர் எங்கே" என்பதற்கு ஒரு கிழவி விடை சொல்லாமல் இருந்தால், அது உதவி பெற ஆர்வமில்லாததன் அடையாளமாகாது. நல்ல அமைப்புகளில் இந்தக் கணக்கெடுப்பை அதே மொழி பேசும் உள்ளூர்ச் சமூகப் பணியாளரே நடத்துகிறார்; வெளிநாட்டவர் கூடப் போனாலும் வாய் திறப்பதில்லை, படமெடுப்பதில்லை.

அமைப்புகள் இவ்வளவு பெருகியதற்கும் காரணங்கள் உண்டு. 1976 பிப்ரவரி 4 அன்று நடந்த நிலநடுக்கத்தில் ஏறத்தாழ 23,000 பேர் இறந்தனர். அதையொட்டி வெளிநாட்டு உதவி அமைப்புகள் பெருமளவில் வந்தன. போரின் கைம்பெண்களும் அநாதைகளும் அடுத்த காரணம். 2005 அக்டோபரில் ஸ்டான் புயலின்போது, ஏரியின் தென்கரையில் சாந்தியாகோ அட்டிட்லானை ஒட்டிய பனாபாஹ் என்ற குடியிருப்பு நிலச்சரிவில் புதைந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தபோது மீண்டும் ஓர் அலை வந்தது. அரசு வரி வசூலிலும் சமூகச் செலவிலும் மிகவும் பின்தங்கியிருப்பதால், மற்ற நாடுகளில் அரசு செய்யும் பல வேலைகள் இங்கே தனியார் கருணையின் தலையில் விழுந்திருக்கின்றன. இது பெருமைப்படத்தக்க ஏற்பாடு அன்று. ஆனால் இன்று பள்ளிக்குப் போக வேண்டிய சிறுமி அரசு திருந்தும்வரை காத்திருக்க முடியாது என்பதும் உண்மை.

இந்த அமைப்புகளின் முதுகெலும்பு கல்வி உதவி. குவாத்தமாலாவில் தொடக்கப்பள்ளி ஆறு ஆண்டு. அதன்பின் மூன்றாண்டு நடுநிலை, பிறகு தொழில் அல்லது ஆசிரியர் பயிற்சி போன்ற பிரிவுகளுடன் மேல்நிலை. அரசுப் பள்ளிகளில் கட்டணம் 2009இல் நீக்கப்பட்டது. ஆயினும் சீருடை, காலணி, நோட்டுப் புத்தகம் எல்லாம் குடும்பத்தின் பொறுப்பு. ஆறாம் வகுப்பு முடிந்ததும் சிக்கல் பெரிதாகிறது: பல கிராமங்களில் நடுநிலைப் பள்ளி இல்லை, அல்லது பெற்றோரும் நகராட்சியும் கூட்டாகப் பணம் போட்டு நடத்தும் கட்டணப் பள்ளியே இருக்கிறது, பேருந்துக் கட்டணமும் சேர்ந்துகொள்கிறது. அந்த இடத்தில்தான் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், நின்றுவிடுகிறார்கள். வெளிநாட்டுக் கொடையாளர் ஒருவர் ஒரு மாணவியின் ஓராண்டுச் செலவை ஏற்பதும், அமைப்பு அதை நேரடியாகப் பள்ளிக்கும் கடைக்கும் செலுத்துவதும் இந்த இடைவெளியை அடைக்கும் வழி.

இங்கே தன்னார்வலர் செய்யும் வேலை படங்களில் வருவது போல இராது. கல்வியாண்டு ஜனவரியில் தொடங்கி அக்டோபரில் முடிகிறது. ஜனவரிக்கு முந்தைய வாரங்களில் கிடங்கு நிறைய நோட்டுகளும் காலணிகளும் வகுப்புவாரியாக, ஊர்வாரியாகப் பிரித்துக் கட்டப்பட வேண்டும். மாணவி எழுதும் நன்றிக் கடிதம் ஸ்பானிய மொழியில் இருக்கும். அது அவளுக்கே இரண்டாம் மொழி. அதை ஆங்கிலமாக்கி, மதிப்பெண் பட்டியலுடன் சேர்த்து, சரியான கொடையாளருக்கு அனுப்ப வேண்டும். ஒரு கோப்பில் பெயர் மாறிப்போனால் ஒரு பிள்ளையின் அடுத்த ஆண்டுக் கட்டணம் தாமதமாகலாம். இந்தக் கோப்பு வேலையைக் கவனமாகச் செய்யும் ஒருவர், பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசும் பத்துப் பேரைவிட அதிகம் உதவுகிறார் என்பது என் உறுதியான கருத்து. கல்வி உதவித் திட்டத்துக்கும் ஒரு குறை உண்டு: ஐந்து பிள்ளைகள் உள்ள வீட்டில் ஒரு பிள்ளையின் படத்துக்கு மட்டும் கொடையாளர் கிடைத்தால், மற்ற நால்வர் அதைப் பார்த்துக்கொண்டுதான் வளர்கிறார்கள். குடும்பத்தையே அலகாகக் கொண்டு உதவும் அமைப்புகள் இதைப் புரிந்துகொண்டவை.

அடுத்து அடுப்பு. மலைக்கிராமத்து வீட்டின் சமையலறையில் பெரும்பாலும் தரையில் மூன்று கல், அவற்றின் மேல் வட்டமான தட்டையான தோசைக்கல் போன்ற மண் ஓடு, அடியில் பைன் அல்லது ஓக் விறகு. சுண்ணாம்பு நீரில் வேகவைத்து ஊறிய மக்காச்சோளத்தை ஊர் ஆலையில் அரைத்து வந்து, தாய் இரு உள்ளங்கைகளுக்கு நடுவே தட்டி டோர்ட்டியா சுடுகிறாள். முதுகில் துணியால் கட்டிய கைக்குழந்தை அதே புகையில் தூங்குகிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஒரு வேளைக்கு ஒரு குவியல் டோர்ட்டியா. விறகைத் தகப்பனோ மூத்த பிள்ளையோ நெற்றியில் பட்டை மாட்டி முதுகில் சுமந்து வருவார்கள். தொண்டு நிறுவனங்கள் கட்டித் தருவது, செங்கல் பீடத்தின் மேல் இரும்புத் தகடும், கூரைக்கு வெளியே புகையை விடும் குழாயும் கொண்ட அடுப்பு.

அது உண்மையில் பயன் தருகிறதா என்று முறையாகச் சோதித்தவர்களும் இங்கேதான் சோதித்தார்கள். சான் மார்கோஸ் மாவட்டத்தின் மாம் மொழி பேசும் கிராமங்களில் 500க்கும் மேற்பட்ட வீடுகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதி வீடுகளுக்குப் புகைபோக்கி அடுப்பு கொடுத்து 2002 முதல் 2004 வரை நடந்த ஆய்வின் முடிவுகள் 2011இல் வெளியாயின. குழந்தைகள் உள்ளிழுக்கும் புகையின் அளவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. மருத்துவர் உறுதி செய்த நிமோனியா மொத்தத்தில் உறுதியாகச் சொல்லும் அளவுக்குக் குறையவில்லை. ஆனால் கடுமையான நிமோனியா ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அடுப்பு நல்லது, ஆனால் அதுவே போதாது என்பதே இதன் பொருள்.

நடைமுறையில் இன்னொன்றும் தெரிய வரும். குழாயில் கரி படிந்தால் புகை வீட்டுக்குள்ளேயே திரும்பும்; தகடு வளைந்தால் சூடு பரவாது; பெரிய பானையில் மக்காச்சோளம் வேகவைக்கவும், குளிர் இரவில் சுற்றி உட்காரவும் பழைய மூன்று கல் அடுப்பு முற்றத்தில் தொடரும். எனவே அடுப்பு கட்டிய நாளைவிட, ஆறு மாதம் கழித்துக் குழாயைச் சுத்தம் செய்யச் சொல்லித்தர வருகிற நாளே முக்கியம். அன்றைக்கு வருவது உள்ளூர்க் கொத்தனார்தான். தன்னார்வலர் ஒரு நாள் செங்கல் சுமப்பதில் தவறில்லை. அந்த ஒரு நாளுக்காகக் கொத்தனாரின் கூலி நாள் கழிக்கப்படுகிறதா என்பதை மட்டும் அவர் கேட்டறிய வேண்டும்.

ஊட்டச்சத்து விஷயத்தில் காலமே எல்லாம். 1949இல் குவாத்தமாலா நகரில் தொடங்கப்பட்ட மத்திய அமெரிக்க ஊட்டச்சத்து நிறுவனம், 1969 முதல் 1977 வரை எல் ப்ரோக்ரேசோ மாவட்டத்தின் நான்கு கிராமங்களில் ஓர் ஆய்வு நடத்தியது. அவை ஸ்பானிய மொழி பேசும் கிராமங்கள். இரண்டில் புரதம் மிகுந்த கஞ்சியும், மற்ற இரண்டில் புரதமில்லாத இனிப்புப் பானமும் கொடுக்கப்பட்டன. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தக் குழந்தைகளைத் தேடிக் கண்டுபிடித்துப் பார்த்தபோது, இரண்டு வயதுக்கு முன் கஞ்சி குடித்த ஆண்களின் மணிக்கூலி மற்றவர்களைவிட ஏறத்தாழ 46 சதவீதம் அதிகமாக இருந்தது. மூன்று வயதுக்குப் பிறகு கொடுக்கத் தொடங்கிய உணவுக்கு அந்தப் பலன் இல்லை. கிறிஸ்துமஸ் காலத்தில் உணவுக்கூடை பகிர்வது குடும்பத்துக்கு ஆறுதல். அதைக் கொச்சைப்படுத்த வேண்டியதில்லை. வளர்ச்சிக் குறையைத் தடுக்க வேண்டுமென்றால், தாய் கருவுற்றது முதல் குழந்தைக்கு இரண்டு வயதாகும்வரை மாதந்தோறும் ஒருவர் வீட்டுக்கு வந்து எடை பார்த்து, முட்டையும் அவரையும் எப்படிக் கொடுப்பது என்று தாயுடன் பேச வேண்டும்.

அந்தப் பேச்சு எந்த மொழியில் நடக்கும் என்பதில்தான் வெளிநாட்டுத் தொண்டின் பெரும்பகுதி தடுக்கி விழுகிறது. குவாத்தமாலாவில் 22 மாயா மொழிகள் அங்கீகரிக்கப்பட்டுள்ளன. கிச்சே, கெக்சி, கக்சிகேல், மாம் ஆகிய நான்கும் அதிகம் பேசப்படுபவை. அட்டிட்லான் ஏரியைச் சுற்றி மட்டும் கக்சிகேல், சுதுஹில், கிச்சே ஆகிய மூன்று மொழிகள் வழங்குகின்றன. 2003ஆம் ஆண்டின் தேசிய மொழிகள் சட்டம், அந்தந்தப் பகுதி மொழியில் அரசுச் சேவை கிடைக்க வேண்டும் என்கிறது. சுகாதார நிலையங்களில் இது இன்னும் பெரும்பாலும் நடைமுறைக்கு வரவில்லை. தன்னார்வலர் வழக்கமாகச் செய்வது, குவாத்தமாலாவின் ஆன்டிகுவா நகரிலோ கெட்சல்டெனாங்கோ நகரிலோ ஒரு மாதம் ஸ்பானிய மொழி படித்துவிட்டுக் கிராமத்துக்குப் போவது. அவரது அரைகுறை ஸ்பானியத்தை மருமகள் தன் அரைகுறை ஸ்பானியத்தில் வாங்கி மாமியாருக்குக் கக்சிகேலில் சொல்ல, மாத்திரை எத்தனை வேளை என்பது வழியிலேயே மாறிவிடுகிறது. 2007இல் தொடங்கப்பட்ட 'வுக்கு கவோக்' என்ற மருத்துவ அமைப்பு, நோயாளியின் தாய்மொழியிலேயே மருத்துவம் என்பதைத் தன் அடிப்படை விதியாக வைத்துக்கொண்டது. உள்ளூர் மாயா செவிலியர்களும் வழிகாட்டிகளுமே அதன் பணியைச் சுமக்கிறார்கள்.

வெளியிலிருந்து வந்த ஒருவரால் இது முடியாது என்று சொல்லிவிடவும் கூடாது. அமெரிக்காவின் ஓக்லஹோமாவிலிருந்து 1968இல் சாந்தியாகோ அட்டிட்லானுக்கு வந்த பாதிரியார் ஸ்டான்லி ரோதர், விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். சுதுஹில் மொழியைக் கற்று, அதில் வழிபாடு நடத்தினார். விவசாயிகளோடு வயலில் நின்றார். புதிய ஏற்பாட்டை அந்த மொழிக்குக் கொண்டுவரும் பணியில் துணை நின்றார். தன் பெயர் கொலைப்பட்டியலில் இருப்பது தெரிந்து 1981 தொடக்கத்தில் நாட்டைவிட்டு வெளியேறியவர், தன் மக்களிடம் திரும்ப வேண்டும் என்று சில மாதங்களில் திரும்பி வந்தார். அதே ஆண்டு ஜூலை 28 அன்று கொல்லப்பட்டார். 2017இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரை அருளாளராக அறிவித்தது. அவரை அளவுகோலாக வைத்து யாரையும் அளக்க வேண்டியதில்லை. ஆனால் பதின்மூன்று ஆண்டு ஓரிடத்தில் இருந்து, மொழி கற்று, ஊராரின் முடிவுகளுக்குள் தன்னை வைத்துக்கொண்ட உழைப்பு எப்படிப்பட்டது என்பது அவர் வாழ்வில் தெளிவாகத் தெரிகிறது.

குறுகிய காலத் தொண்டில் சில வகைகளைத் தவிர்ப்பதே நல்லது. குழந்தைகள் காப்பகத்தில் இரண்டு வாரம் விளையாடிவிட்டு வருவது அவற்றில் முதன்மையானது. அன்பு காட்டியவர்கள் மாறி மாறிப் பிரிந்து போவது குழந்தைக்குத் தீங்கு. பார்வையாளர் பணம் வரும் இடத்தில் காப்பகத்தை நிரப்பி வைக்கும் தூண்டுதலும் உருவாகிறது. குவாத்தமாலாவுக்கு இதில் கசப்பான அனுபவம் உண்டு: 2007இல் மட்டும் 4,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் அமெரிக்கக் குடும்பங்களுக்குத் தத்துப் போனார்கள்; ஏமாற்றியும் பணம் கொடுத்தும் தாய்மாரிடமிருந்து குழந்தைகளை வாங்கிய முறைகேடுகள் அம்பலமான பிறகு, அந்த ஆண்டின் இறுதியில் புதிய சட்டம் வந்து வெளிநாட்டுத் தத்து நின்றது. ஒரு வாரம் முகாமிட்டு மருந்து பகிர்ந்துவிட்டுப் போகும் மருத்துவக் குழுக்களும் கவலைக்குரியவையே. நீரிழிவும் இரத்த அழுத்தமும் ஒரு வார மாத்திரைக்கு அடங்குபவை அல்ல. பின்தொடர உள்ளூர் மருத்துவமனையோடு எழுத்துப்பூர்வமான ஏற்பாடு இல்லாத முகாம் நோயாளியை நடுவழியில் விட்டுவிடுகிறது. கண்புரை, உதட்டுப் பிளவு போன்ற அறுவை சிகிச்சைகளுக்கு வரும் தேர்ந்த குழுக்கள் வேறு வகை. அவை முடித்துவிட்டுப் போகக்கூடிய வேலையைச் செய்கின்றன.

தொண்டின் அளவையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2023இல் வெளிநாடுகளிலுள்ள குவாத்தமாலாத் தொழிலாளர்கள் வீட்டுக்கு அனுப்பிய பணம் ஏறத்தாழ 1,980 கோடி டாலர், நாட்டின் மொத்த உற்பத்தியில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. மலைக்கிராமங்களில் புதிதாக எழும் காரை வீடுகளில் பெரும்பாலானவை இந்தப் பணத்தில் எழுந்தவை. எந்தத் தொண்டு நிறுவனமும் இந்தத் தொகையின் அருகில்கூட வர முடியாது. கடத்தல்காரருக்குக் கொடுக்க நிலத்தை அடகு வைத்து வடக்கே போகும் மகனின் ஆபத்தான பயணம்தான் பல குடும்பங்களின் உண்மையான வறுமை ஒழிப்புத் திட்டம். அந்தப் பயணம் போகத் துணியாத வீடுகள், போனவர் திரும்பாத வீடுகள், வயதான தனிப் பெண்களின் வீடுகள் ஆகியவையே தொண்டு நிறுவனத்தின் வாசலுக்கு வருகின்றன. உதவி தேவைப்படுபவர் யார் என்பதை உள்ளூர்ப் பணியாளர் மட்டுமே அறிய முடியும் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

போக விரும்புகிறவர் அமைப்பைத் தேர்ந்தெடுக்கும்போது, அதன் முடிவெடுக்கும் இடங்களில் மாயா பெண்களும் ஆண்களும் இருக்கிறார்களா, ஊதியம் பெறும் பணியாளர்களில் எத்தனை பேர் அந்த ஊர்க்காரர், குழந்தைகளோடு பழகுவதற்கு எழுத்தில் விதிகள் உள்ளனவா, படம் வெளியிடக் குடும்பத்தின் ஒப்புதல் அவர்கள் மொழியில் கேட்கப்படுகிறதா என்று விசாரிக்க வேண்டும். "எப்போது வேண்டுமானாலும் வாருங்கள், எதுவும் செய்யலாம்" என்று சொல்லும் இடத்தைவிட, "குறைந்தது மூன்று மாதம், ஸ்பானியம் தெரிந்திருக்க வேண்டும், பின்னணிச் சரிபார்ப்பு உண்டு" என்று கடுமை காட்டும் இடம் நம்பத்தகுந்தது. தன்னார்வலரிடம் கட்டணம் வாங்குவது தவறில்லை. அது எங்கே போகிறது என்பதை அமைப்பு காட்ட வேண்டும். பார்வையாளராக அனுமதிக்கப்படும் 90 நாட்கள் குவாத்தமாலா, ஒந்துராஸ், எல் சால்வடார், நிகராகுவா ஆகிய நான்கு நாடுகளுக்கும் சேர்த்தே கணக்கிடப்படுவதால், நீண்ட காலம் தங்குவோர் அனுமதியை முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும்.

போக முடியாதவர்களும் செய்யக்கூடியவை உள்ளன. அவற்றில் பல, போய்ச் செய்பவற்றைவிடப் பயனுள்ளவை. ஆண்டுக் கணக்கைத் தணிக்கைக்குத் தயாரிப்பது, கொடையாளர் தரவுத்தளத்தைச் சீராக்குவது, நிதி விண்ணப்பங்களை நல்ல ஆங்கிலத்தில் எழுதித் தருவது, நெசவுக் கூட்டுறவு ஒன்றின் பொருட்களுக்கு இணையக் கடை அமைத்துத் தருவது ஆகியவை வீட்டிலிருந்தே முடியும். நெசவுக்கு உதவுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: இடுப்பில் கட்டிய தறியில் மாதக்கணக்கில் நெய்யும் மேற்சட்டைகளின் வடிவங்களைப் பெருநிறுவனங்கள் நகலெடுத்து விற்பதை எதிர்த்து, மாயா நெசவாளப் பெண்கள் 2016இல் அரசியலமைப்பு நீதிமன்றத்தை நாடினார்கள், அந்த வடிவங்களின் கூட்டு உரிமையைப் பாதுகாக்கச் சட்டம் வேண்டும் என்பது அவர்களுடைய கோரிக்கை. ஆகவே ஒரு வடிவத்தைப் படமெடுத்து வேறிடத்தில் அச்சிட்டு விற்று, அந்த லாபத்தைத் தொண்டுக்குத் தருகிறேன் என்பது உதவியாகாது. நெய்தவரிடமே, அவர் சொன்ன விலைக்கு வாங்குபவர்களைக் கொண்டுவந்து சேர்ப்பதுதான் அந்தப் பெண்கள் கேட்கும் உதவி.